பக்கம் மாறிப் போட்ட படம்

அக்காவுக்குப் புத்தி பிசகவில்லை என்பது டப்பாவுக்குத் தெரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். வியாழக்கிழமை அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. நடுவில் இருந்தது ஒரே ஒரு நாள்.

டப்பா என்பது காப்பகத்தில் அவனுக்கு வைத்த பெயர். அங்கங்கே மக்கள் ஆடின ஆட்டம், பாடின பாட்டு, கட்டின வேஷம், எல்லாவற்றையும் எந்தக் காலத்திலோ யார் யாரோ படம் பிடித்து வைத்திருந்தார்கள். அந்தப் படச்சுருள்கள் தகர டப்பாக்களில் மூன்றாவது மாடியில் அடுக்கியிருக்கும். அவற்றைக் கீழே சுமந்து வந்து, துடைத்து, இயந்திரத்தில் மாட்டி, கணினிக்குள் ஏற்றினதும் திரும்ப மேலே கொண்டுபோய் வைக்க வேண்டும். பதினாலு வருஷமாக அதுதான் அவன் பிழைப்பு. நாள்கூலி. "டப்பா, அதை எடு", "டப்பா, இதை வை" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் யார் டப்பா என்று சொன்னாலும் அவன்தான் திரும்பிப் பார்ப்பான்.

படச்சுருளுக்கு இரண்டு பக்கம். ஒன்று பளபளவென்று இருக்கும். மற்றது சாம்பல் தடவினது மாதிரி மங்கலாக இருக்கும். அவன் சேர்ந்த புதிதில் இயந்திரக்காரர் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு பாடம். "பளபளப்பு உன் மூஞ்சியப் பாக்கணும். அது போதும். மிச்சத்த மிஷின் பாத்துக்கும்." அந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு அவன் ஆயிரக்கணக்கில் மாட்டினான். அப்போது அவனுக்கு எழுத்துத் தெரியாது. டப்பா மூடியில் என்ன எழுதியிருந்தாலும் அவனுக்கு அது எறும்பு ஊர்ந்த தடம்.

எழுத்துத் தெரிந்தது நாற்பத்தெட்டாவது வயதில், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில். அதற்கப்புறம் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தான். மருந்துப் பெட்டி, லிஃப்டுக்குள் ஒட்டின எச்சரிக்கை, அடுத்தவன் பேப்பர். வீட்டில் மனைவி, "வாய்விட்டுப் படிக்காதீங்க, கடையில எல்லாரும் பாக்கறாங்க" என்று முழங்கையால் இடிப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வேலை இதுதான்: துருப்பிடித்த தகர டப்பாக்களைக் கழித்துவிட்டு, சுருள்களைப் புது பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மாற்ற வேண்டும். பழைய மூடியில் இருப்பதைப் பார்த்துப் புதிதில் எழுத வேண்டும். பதினேழாவதாக அவன் கையில் எடுத்தது அம்மா இருக்கிற டப்பா.

அதை அவனுக்கு இருட்டில் தடவினாலே தெரியும். ஓரத்தில் ஒரு நசுங்கல். ஐம்பத்து மூன்று வருஷத்துக்கு முன் பிடித்த படம். நாலு நிமிஷம், சத்தம் கிடையாது. புதுக் கிணற்றில் தண்ணீர் வந்த சந்தோஷத்தில் பெண்கள் வட்டமாகக் கைகோத்து ஆடுகிறார்கள். அம்மா இருக்கிறாள், பக்கத்தில் பத்து வயதில் அக்கா இருக்கிறாள், அம்மா வயிற்றுக்குள் அவனும் இருக்கிறான். அவன் பிறந்து எட்டாம் மாதம் அம்மா போய்விட்டாள். பத்து வயதில் அக்கா அவனை இடுப்பில் தூக்கினாள், அவனுக்குக் கல்யாணம் ஆகும்வரை இறக்கவில்லை. அம்மா முகம் என்றால் அவனுக்கு அந்த நாலு நிமிஷம்தான். வேறு ஒரு படம் கிடையாது.

மூடியில் மஞ்சள் அடித்த காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. பென்சில் எழுத்து. அவன் உதட்டை அசைத்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தான்.

'இது நகல். மற்ற சுருள் போல் அல்ல. மாட்டும்போது பளபளப்புப் பக்கம் உள்ளே, இயந்திரத்தைப் பார்த்து இருக்க வேண்டும்.'

மூன்று தரம் படித்தான். தான் தப்பாகப் படிக்கிறோம் என்றுதான் முதலில் நினைத்தான். அப்படி நினைப்பதுதான் அவனுக்குப் பழக்கம்.

சுருளை எடுத்து, அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேசைமேல் ஒரு முழம் இழுத்து வைத்தான். படச்சுருளின் ஓரத்தில் கம்பெனிக்காரன் போட்ட பொடி எழுத்து இருக்கும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவன் மாட்டினபடியே பளபளப்பு மேலாக வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தான். எழுத்து, முடிவெட்டும் கடைக் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி முதுகைக் காட்டியது. திருப்பி வைத்தான். எழுத்து நேரானது. அம்மாவின் கன்னத்து மச்சம் வலதிலிருந்து இடதுக்கு வந்தது. பெண்கள் எல்லாரும் வலப்பக்கமாகக் கால் எடுத்து நின்றார்கள்.

அவன் அங்கேயே ஒரு டப்பா அடுக்கின்மேல் உட்கார்ந்தான்.

நடந்தது என்னவென்றால், ஒன்பது வருஷத்துக்கு முன் காப்பகம் இந்தப் படத்தை எல்லாருக்கும் கொடுத்தது. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குக் கொடுத்தது, பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தது, யாருடைய ஆட்டமோ அந்த சனத்துக்கே திருப்பிக் கொடுக்கிறோம் என்று மேடை போட்டு மாலை போட்டுக் கொடுத்தது. அந்த சனம் அணைக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு நகரத்துக் குடியிருப்புகளில் சிதறி நாற்பது வருஷம் ஆகியிருந்தது. ஆடத் தெரிந்தவர்களில் உயிரோடு இருந்தது அக்கா ஒருத்தி. ஆனால் படம் இருக்கும்போது அக்கா எதற்கு? அக்காவின் மகளே படத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்தாள். பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துக் குழு கட்டினாள். பத்திரிகையில் எழுதினார்கள். வெளிநாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அடுத்த மாதம் விமானம்.

அக்கா முதல் நாளே சொன்னாள். "ஏண்டி, இடப்பக்கமா சுத்துறீங்க? அது இழவுக்குச் சுத்துறது. உயிரோட இருக்கறவங்களுக்கு வலப்பக்கம்டி."

மகள் படத்தைப் போட்டுக் காட்டினாள். "பாரும்மா. இடப்பக்கம்தானே?"

அக்கா பார்த்தாள். தலையை ஆட்டினாள். "இது எங்கம்மா. ஆனா எங்கம்மாவுக்கு மச்சம் இடது கன்னத்துல. என்னவோ பண்ணிட்டாங்க இதுல."

அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். டப்பாவும் சிரித்தான். சொந்த அம்மா முகமே மறந்துவிட்டது என்று மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் முதல் வரி எழுதினது அன்றைக்குத்தான்.

அப்புறம் அந்த நோட்டில் நிறைய வரிகள் சேர்ந்தன. ஒரு நாள் அடுப்பை அணைக்க மறந்தது. ஒரு நாள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தது. யாருக்குத்தான் இல்லை? ஆனால் நோட்டுப் போட்டு எழுதினால் எல்லாம் நோயாகத்தான் தெரியும். போன மாதம் ஒரு கல்யாணத்தில் குழு ஆடிக்கொண்டிருந்தபோது அக்கா வட்டத்துக்குள் புகுந்து மணப்பெண்ணை இழுத்து வெளியே தள்ளினாள். "யாருடி செத்துட்டா இங்க? பச்சைப் பொண்ண நடுவுல நிக்க வச்சு இழவு சுத்துறீங்களே, வெக்கமா இல்ல?" கல்யாண வீட்டில் அந்த வார்த்தை. மாப்பிள்ளை வீட்டார் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வாசலில் விட்டார்கள். மறுநாளே மகள் முதியோர் இல்லத்துக்குப் போய் இடம் கேட்டுவிட்டு வந்தாள். மறதி நோய் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். கூடப் பிறந்தவர் ஒருவரும் சம்மதிக்க வேண்டும் என்றார்கள். கூடப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான்.

டப்பா அந்த மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே இயக்குநர் அம்மாவின் அறைக்குப் போனான்.

"மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு."

"உட்காரு டப்பா."

பதினாலு வருஷத்தில் அந்த அறையில் அவனை உட்காரச் சொன்னது அன்றைக்குத்தான். நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினான். இயக்குநர் அம்மா மூடியைப் படித்தார். கணினியில் படத்தைத் திறந்து ஒரு பொத்தானைத் தட்டினார். கண் இமைக்கிற நேரத்தில் பெண்கள் வலப்பக்கம் சுற்ற ஆரம்பித்தார்கள்.

"அடடா," என்றார்.

ஒரே ஒரு தட்டு. அவ்வளவு சுலபமா என்று டப்பாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அக்காவுக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்லலாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கக்கூட வேண்டாம்.

இயக்குநர் அம்மா பொத்தானை மறுபடி தட்டினார். பெண்கள் இடப்பக்கம் திரும்பினார்கள்.

"இது எங்கெங்க போயிருக்கு தெரியுமா உனக்கு? பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டையே இதான். இத வச்சு மூணு பேரு டாக்டர் பட்டம் வாங்கியிருக்காங்க. அதுல ஒருத்தர் எழுதின முந்நூறு பக்கமும், இந்த சனம் மட்டும் ஏன் இடப்பக்கம் சுத்துதுங்கறதப் பத்திதான்."

"ஏன்னா நான் மாத்திப் போட்டதாலங்க," என்றான் டப்பா.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். அவனுக்கும் ஒரு கணம் வந்தது. ஒரே வரியில் முடிகிற விஷயத்துக்கு முந்நூறு பக்கம். அப்புறம் இருவரும் சிரிப்பை நிறுத்தினார்கள்.

அவர் எழுந்துபோய்ப் பழைய பதிவேடு ஒன்றை எடுத்துவந்து புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "இது உன் கைரேகைதானே?"

அவன் எட்டிப் பார்த்தான். மாட்டியவர் என்று போட்ட இடத்தில் அவனுடைய பெருவிரல், மை வழிந்து, மூட்டைப்பூச்சி நசுக்கினது மாதிரி. அதற்குக் கீழே இன்னொரு கட்டம். 'சரிபார்த்தவர்' என்று அவன் படித்தான். அதில் அழகான ஒரு கையெழுத்து. இயக்குநர் அம்மா மாதாமாதம் அவன் வருகைச் சீட்டில் போடுகிற அதே கையெழுத்து.

அவன் படித்ததை அவர் பார்த்துவிட்டார். பதிவேட்டை மூடினார்.

"எழுதப் படிக்கக் கத்துக்கிட்டேன்னு சொன்னாங்க. நல்ல விஷயம்." குரலில் ஒரு கோபமும் இல்லை. "உன் வேலைய நிரந்தரமாக்கற உத்தரவு என் மேசையிலதான் இருக்கு. வெள்ளிக்கிழமை கையெழுத்து ஆகணும். இத வெளிய எடுத்தா விசாரணை வரும். விசாரணை நடக்கற வரைக்கும் எந்த உத்தரவும் போட முடியாது. அது என் கையில இல்ல. மாட்டினவன் யாருன்னுதான் முதல்ல கேப்பாங்க."

"எங்க அக்காவ பைத்தியம்னு சொல்றாங்க மேடம்."

"சேச்சே. அப்படியெல்லாம் இப்ப யாரும் சொல்றதில்ல. மறதி நோய்னு சொல்லுவாங்க. நல்லாப் பாத்துக்குவாங்க. நேரத்துக்குச் சாப்பாடு, மருந்து. வயசான காலத்துல ஒரு சுத்து அந்தப் பக்கம்னா என்ன, இந்தப் பக்கம்னா என்ன?" அவர் மஞ்சள் காகிதத்தை மூடியிலிருந்து நகத்தால் மெதுவாகக் கிளப்பினார். கிழியாமல் வந்தது. அதை மேசை இழுப்பறைக்குள் வைத்தார். வெறும் மூடியை அவனிடம் நீட்டினார். "பழைய தகரமெல்லாம் எடைக்குத்தானே போகுது?"

"ஆமாங்க."

"புதுசுல நம்பர் மட்டும் எழுது. போதும்."

அவன் மேலே போனான். புது டப்பாவில் நம்பரை எழுதினான். எழுத்துக் கோணாமல் எழுதினான். அதுதான் அவனுக்கே ஆச்சரியம். மத்தியானச் சாப்பாட்டையும் மிச்சம் வைக்காமல் தின்றான்.

புதன்கிழமை வேலை விட்டதும் அக்கா வீட்டுக்குப் போனான். சொல்லிவிடுவதென்றுதான் போனான். ஐந்து மாடியும் அந்த ஒரு வாக்கியத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டே ஏறினான். அக்கா கதவைத் திறந்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னடா, மூஞ்சி தொங்கிக் கிடக்கு? பொண்டாட்டி அடிச்சாளா?"

"இல்லக்கா."

"அடிக்கட்டும். நான் அடிக்காம விட்டதாலதான் நீ இப்படி டப்பா தூக்கற." அவளே சிரித்தாள். டீ போட்டாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பை அணைத்து, கேஸ் குழாயை மூடி, மறுபடி ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். "பாத்துக்கோ, அணைச்சுட்டேன். நாளைக்கு சாட்சி சொல்லு."

கூடத்தில் நாற்காலிகளை ஏற்கெனவே சுவரோரம் ஒதுக்கியிருந்தார்கள். அக்காவின் கட்டில் அங்கே இல்லை. மடித்துப் பால்கனியில் சாய்த்து வைத்திருந்தது. குழுவுக்குப் பயிற்சி செய்ய இடம் வேண்டுமாம்.

"எனக்கு ஒண்ணும் பயமில்லடா," என்றாள் அக்கா, டீயைக் கொடுத்துவிட்டு. "நீ வர்றேல்ல? நீ பக்கத்துல இருந்தா போதும். அந்தப் படத்துல என்னமோ கோளாறு இருக்கு. நீதான் அந்த இடத்துலயே கிடக்கறவன், கண்டுபிடிச்சுச் சொல்லிடுவே. எங்க தம்பிக்குப் பொய் சொல்ல வராதுன்னு என் மககிட்ட சொல்லியிருக்கேன்."

வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. டீ சூடாக இருந்ததால் அதையும் சேர்த்து விழுங்கினான். அதற்குள் மகள் வந்துவிட்டாள். "மாமா, நாளைக்குப் பத்து மணி. லேட் பண்ணிடாதீங்க." அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. அவளும் தூங்கவில்லை. கெட்டவளாக இருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் அம்மாவின் பையில் கம்பளிச் சட்டையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள், இல்லத்தில் குளிரும் என்று.

வியாழக்கிழமை டாக்டர் அறை. டாக்டர் நல்ல மனிதர். அக்காவிடம் தேதி கேட்டார், சொன்னாள். கிழமை கேட்டார், சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அறுபத்தைந்து வரைக்கும் கழித்துவிட்டு, "உங்களுக்கு விடை தெரியுமா, இல்ல நான் சொல்றத நம்பிக்கறீங்களா?" என்று கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டார்.

"நல்லாத்தானே இருக்காங்க?" என்றார் மகளிடம்.

மகள் நோட்டைக் கொடுத்தாள். போனில் படத்தைப் போட்டு மேசைமேல் வைத்தாள். "இதக் கேளுங்க டாக்டர்."

டாக்டர் கேட்டார். அக்கா சொன்னாள். வலப்பக்கம்தான் என்றாள். மச்சம் இடது கன்னத்தில் என்றாள். படத்தில்தான் கோளாறு என்றாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. எழுந்து நின்று, டாக்டரின் மேசையைச் சுற்றி வலப்பக்கமாக நாலு அடி ஆடியும் காட்டினாள். அறுபத்து மூன்று வயதில் கால் அவ்வளவு சுத்தமாக விழுந்தது. மருத்துவமனைச் சுவருக்குப் பக்கத்தில் அது பார்க்க நன்றாக இல்லை. டாக்டர் பேனாவை எடுத்தார்.

"பழைய ஞாபகம்தான் பொதுவா கடைசியாப் போகும்," என்றார் மெதுவாக. "கண்ணெதிர்ல இருக்கறத இல்லேன்னு சாதிக்கறாங்களே, அதான் யோசனையா இருக்கு." அவர் டப்பா பக்கம் திரும்பினார். "நீங்கதானே இவங்க தம்பி? அந்தக் காப்பகத்துலதான் வேலைன்னாங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தப் படத்துல தப்பு இருக்க வாய்ப்பு இருக்கா?"

அக்கா மூச்சு வாங்க நின்றபடி அவனையே பார்த்தாள். முகத்தில் பயம் இல்லை. கேஸ் ஜெயித்துவிட்ட களை. "சொல்லுடா," என்றாள்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. அவனுடைய முழங்கால் இரண்டும் வலித்தன. பதினாலு வருஷம் மூன்று மாடி.

"இல்லைங்க டாக்டர்," என்றான். "மிஷின் பாத்துக்கும். தப்பு வராது."

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தான். துப்பியிருந்தால்கூடத் துடைத்துக்கொண்டு போயிருப்பான். அவள் நாற்காலியைப் பின்னால் கையால் தேடி, மெள்ள உட்கார்ந்தாள். தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் எழுத ஆரம்பித்தார்.

"அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள் கடைசியில், யாரிடமும் இல்லாமல். "அப்ப நான்தான் மறந்துட்டேன்."

மகள் காகிதங்களோடு வேறு அறைக்குப் போனாள். டப்பாவும் அக்காவும் நடைகூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கம்பளிச் சட்டை வைத்த பை. நோயாளிகள் வரிசையாக வந்து போனார்கள்.

"டேய்."

"என்னக்கா?"

"அம்மாவுக்கு மச்சம் வலது கன்னத்துலயா?"

"ஆமாக்கா."

"எண்ணெய் தடவிவிடும்போது தினம் பாத்திருக்கேன். எப்படிடா மறந்தது?" கொஞ்சம் யோசித்தாள். "ஆட்டத்த ஒழுங்கா ஆடிக் காட்டினா, நோய் இல்லேன்னு வீட்டுக்கு விடுவாங்களாடா?"

"விடுவாங்கக்கா," என்றான். விடமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். கட்டில் பால்கனியில் சாய்ந்திருந்ததை அவன் பார்த்திருந்தான்.

"அப்ப நீ சொல்லிக்குடு. நீ எத்தன தரம் பாத்திருப்பே."

அவள் எழுந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவனும் எழுந்தான். நடைகூடத்தின் நடுவில் இரண்டு பேரும் கைகோத்து நின்றார்கள். ஊசி போட வந்திருந்த ஒரு அம்மாள் பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"முதல்ல எந்தக் கால்?"

"இடது."

அவள் வலது காலை வைத்தாள்.

"இடதுன்னேன்ல!"

"வைக்கறேன்டா, கத்தாத." வைத்தாள். உடம்பு அந்தப் பக்கம் போகவில்லை. இடுப்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் இழுத்து, அவன்மேல் சாய்ந்தாள். மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி வலது.

ஐந்தாவது தரம் டப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நிஜமான கோபம். அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. குனிந்து, அவள் இடது கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, வைக்க வேண்டிய இடத்தில் வைத்து அழுத்தினான்.

"இங்கக்கா. இங்க. எத்தன தரம் சொல்றது?"

"சரிடா, சரிடா," என்றாள் அக்கா. பத்து வயதுப் பெண் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு, இடப்பக்கமாக இரண்டாவது அடியை எடுத்து வைத்தாள்.